கேமரா மாற்றியவர்களின் கதை: 2 மில்லிமீட்டரும் சில லட்சங்களும்

"புது கேமரா வாங்கப் போறேன்" என்று நம் வகுப்பில் யாராவது சொன்னால் உடனே வரும் கேள்வி, எத்தனை மெகாபிக்சல்? அடுத்தது, என்ன விலை? இதையே படம் எடுத்துப் பிழைக்கிற ஒருவர் சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. "அப்போ இப்ப இருக்கிற லென்ஸையெல்லாம் என்ன செய்யப் போறீங்க?"

இந்தப் பதிவு அந்தக் கேள்வியின் வரலாறு. கேமராவைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களைப் பற்றித் தமிழில் அதிகம் படித்த ஞாபகம் இல்லை. தேடிப் படித்தபோது எனக்கு ஒன்று வியப்பாக இருந்தது. தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கேமரா மாற்றிய காலங்களில், பெரும்பாலும் புதுக் கேமராவின் படம் பழையதைவிட மோசமாகத்தான் இருந்திருக்கிறது! தெரிந்தேதான் வாங்கினார்கள். ஏன் வாங்கினார்கள், யார் காசில் வாங்கினார்கள் என்பதுதான் விஷயம்.

பழைய ஹாலிவுட் படங்களில் தொப்பி போட்ட பத்திரிகைக்காரர் ஒருவர் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தட்டு மாதிரி ஒரு ஃப்ளாஷோடு ஓடி வருவார் இல்லையா? அந்தப் பெட்டி பெரும்பாலும் ஸ்பீட் கிராஃபிக். 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி நடும் அந்தப் புகழ்பெற்ற படத்தை, அசோசியேட்டட் பிரஸ் (சுருக்கமாக ஏபி) நிறுவனத்தின் ஜோ ரோசந்தால் எடுத்தது இதில்தான். 4-க்கு 5 அங்குல பிலிம் தாள். ஒரு ஹோல்டரில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, ஆக இரண்டே படம். பிறகு ஹோல்டரை மாற்ற வேண்டும்.

1925-இல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமான லைக்கா கேமரா, சினிமா பிலிமில் 24-க்கு 36 மி.மீ. அளவில் படம் எடுத்தது. பரப்பளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பீட் கிராஃபிக் தாளில் பதினைந்தில் ஒரு பங்குதான். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனால் ஒரே சுருளில் 36 படம், கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். அமெரிக்க நாளிதழ்கள் ரொம்ப நாள் முகம் சுளித்துவிட்டு, 1950-60களில் 35 மி.மீ. பக்கம் வந்து சேர்ந்தன. படத்தின் தரம் குறைந்தது, கிடைத்த படங்களின் எண்ணிக்கை கூடியது.

அடுத்து கொரியா. இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1950-இல் டோக்கியோவில் இருந்தார் 'லைஃப்' பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன். அங்கே அதே பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜப்பானியர் ஜுன் மிகி. மிகி ஒரு 85 மி.மீ. நிக்கோர் லென்ஸில் டங்கனைப் படம் பிடித்து, பிரிண்ட் போட்டுக் காட்டினார். அந்தக் காலத்தில் 'ஜப்பான் சரக்கு' என்றால் மலிவு நகல் என்று பொருள். லென்ஸ் என்றால் ஜெர்மனிதான். அந்தப் பிரிண்டின் கூர்மையைப் பார்த்த டங்கன், ஓய் பகுதியில் இருந்த நிப்பான் கோகாகு தொழிற்சாலைக்கே (பின்னாளைய நிக்கான்) போய், ஜெர்மன் லென்ஸ்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, நிக்கோர் வாங்கிவிட்டார். ஜூன் 25 அன்று கொரியப் போர் வெடித்தது. அங்கிருந்து வந்த படங்கள் நியூயார்க்கில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தன. டிசம்பர் 10 அன்று நியூயார்க் டைம்ஸ் இந்த ஜப்பான் லென்ஸ்களைப் பற்றியே ஒரு கட்டுரை போட்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் லென்ஸின் கூர்மையோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. டங்கன் கேமரா மாற்றவே இல்லை! நிப்பான் கோகாகு தன் லென்ஸ்களை லைக்காவின் திருகு மவுண்டிலும் செய்து விற்றது. கையில் இருந்த லைக்காவிலேயே மாட்டிக்கொள்ளலாம். ஜெர்மன் லென்ஸைக் கழற்றினார், ஜப்பான் லென்ஸைத் திருகினார், போருக்குப் போய்விட்டார். வாங்குகிறவருக்கு இதைவிடக் குறைந்த ஆபத்தில் ஒரு மாற்றத்தைக் கொடுக்க முடியாது.

மவுண்ட் என்பது கேமராவும் லென்ஸும் சேரும் வளையம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தொழில்காரரின் முதலீடு பாடியில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. பாடி தேயும், போகும். ஒரு 300 மி.மீ. லென்ஸ் இருபது வருடம் சோறு போடும். அந்த வளையம்தான் அவரை ஒரு கம்பெனியோடு கட்டி வைத்திருக்கும் கயிறு.

நிக்கானுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. 1959-இல் நிக்கான் எஃப் கேமராவுக்காகச் செய்த மவுண்டை 2020-இல் வந்த டி6 வரை கைவிடவில்லை. கேனான் என்ன செய்தது என்று பார்ப்போம்.

1985-இல் மினோல்டா 7000 வந்து ஆட்டோஃபோகஸைப் பரவலாக்கியது. மற்ற கம்பெனிகள் ஆடிப்போயின. கேனானின் எஃப்டி மவுண்ட், நெம்புகோலும் முள்ளுமாக இயந்திர முறையில் லென்ஸோடு பேசுகிற அமைப்பு. அதில் ஆட்டோஃபோகஸை ஒட்டுப் போடுவதா, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா? கேனான் இரண்டாவதைச் செய்தது. 1987 மார்ச்சில் ஈஓஎஸ் 650 என்ற கேமரா, இஎஃப் என்ற புது மவுண்டோடு வந்தது. விட்டம் 54 மி.மீ., எல்லாமே மின்தொடர்பு, நெம்புகோல் கிடையாது. ஃபோகஸ் மோட்டார் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும்.

பழைய எஃப்டி லென்ஸ்? மாட்ட முடியாது. ஏதாவது வளையம் வைத்தாவது மாட்டலாமா? இங்கேதான் அந்த 2 மில்லிமீட்டர் வருகிறது. எஃப்டி லென்ஸ், பிலிமில் இருந்து 42 மி.மீ. தூரத்தில் உட்கார வேண்டியது. இஎஃப் மவுண்டின் தூரம் 44 மி.மீ. லென்ஸ் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கிட்டத்தில் இருப்பது தெளியும், தூரத்தில் இருப்பது தெளியவே தெளியாது. நடுவில் ஒரு கண்ணாடி வைத்துத்தான் சரிசெய்ய முடியும். கேனானே அப்படி ஒரு மாற்றியைச் சில டெலிஃபோட்டோக்களுக்கு மட்டும், குறைந்த எண்ணிக்கையில் செய்தது. மற்றபடி 1971-இல் இருந்து எஃப்டி லென்ஸ் வாங்கிச் சேர்த்தவர் கையில் இருந்தது, எதிர்காலம் இல்லாத ஒரு பெட்டி கண்ணாடி. 1986-இல்தான் டி90 என்று ஒரு அருமையான எஃப்டி கேமராவைக் கேனான் விற்றிருந்தது. அதை வாங்கிய சூடு ஆறுவதற்குள் இந்த அறிவிப்பு. அவர்கள் வயிற்றெரிச்சலை யோசித்துப் பாருங்கள்.

வியாபார ரீதியாகவும் இது தலைகீழ்ப் பாய்ச்சல். எப்படியும் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும் என்றால், கேனானையே வாங்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? கட்டுத்தறியை அவிழ்த்துவிட்டால் மாடு எந்தப் பக்கமும் போகலாம்.

ஆனால் மாடுகள் திரும்பி வந்தன. காரணம், விளையாட்டு மைதானம். நிக்கான் பழைய மவுண்டைக் காப்பாற்றுவதற்காக மோட்டாரைப் பாடிக்குள் வைத்து, ஸ்க்ரூடிரைவர் போன்ற ஒரு தண்டால் லென்ஸைத் திருப்பியது. சின்ன லென்ஸுக்குச் சரி. கனமான டெலிஃபோட்டோவைத் திருப்ப அது திணறியது. கேனானின் 300 மி.மீ. லென்ஸில் 1987-லேயே மீயொலி மோட்டார் உள்ளேயே இருந்தது. சத்தமில்லாமல், சட்டென்று ஃபோகஸ் ஆகும். 1989-இல் ஈஓஎஸ்-1 வந்தது. 90களில் மைதான ஓரங்களில் கேனானின் வெள்ளை லென்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. நிக்கான் பெரிய லென்ஸ்களுக்குள் மோட்டார் வைக்க 1992 ஆனது. வாக்குத் தவறாமல் இருந்த கம்பெனி அந்தப் பத்தாண்டில் மைதானத்தைத் தோற்றது, வாக்கை மீறிய கம்பெனி ஜெயித்தது. நீதிக்கதை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும் :-)

சரி, டிஜிட்டலுக்கு வருவோம். கோடாக் 1991-இல் நிக்கான் எஃப்3 பாடியில் 1.3 மெகாபிக்சல் சென்சார் வைத்து டிசிஎஸ் என்று விற்றது. படங்களைச் சேமிக்க 200 எம்பி வட்டு உள்ள ஒரு பெட்டியைத் தோளில் தொங்கப்போட வேண்டும். விலை 20,000 டாலர் அளவில். 1994-இல் ஏபியும் கோடாக்கும் சேர்ந்து செய்த என்சி2000 கேமராவுக்கு 17,000 டாலருக்கு மேல். இதையெல்லாம் தனிமனிதர் யாரும் வாங்கியிருக்க மாட்டார். செய்தி நிறுவனங்கள் வாங்கின. ஏன் என்பதற்குப் பதில் ஹோட்டல் குளியலறையில் இருக்கிறது! அன்றைக்கு வெளியூர் போகும் பத்திரிகைப் புகைப்படக்காரர், குளியலறையை இருட்டாக்கி, தொட்டியில் பிலிம் கழுவி, முடி உலர்த்தும் கருவியால் காயவைத்து, தொலைபேசிக் கம்பி வழியே படம் அனுப்பிக்கொண்டிருந்தார். பழைய உருளைக் கருவியில் ஒரு வண்ணப்படம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக மூன்று முறை அனுப்ப வேண்டும். பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரம் இதற்காகக் காத்திருக்காது.

1999-இல் நிக்கான் டி1 வந்ததும் கணக்கு மாறியது. 2.7 மெகாபிக்சல், நொடிக்கு நாலரை படம், விலை 5,500 டாலர் அளவில் (அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 2.35 லட்சம் ரூபாய்). நல்ல ஸ்லைடு பிலிமோடு ஒப்பிட்டால் படம் பக்கத்தில் கூட நிற்க முடியாது. ஆனால் டி1 படத்தின் அகலம் 2,000 புள்ளி. செய்தித்தாள் அச்சுக்கு அங்குலத்துக்கு 170 புள்ளி போதும் என்று வைத்தால், கிட்டத்தட்ட 12 அங்குல அகலத்துக்குப் போடலாம். முதல் பக்கத்தை நிரப்ப அது தாராளம். நாளிதழுக்கு அதற்கு மேல் எதற்கு? தவிர, பழைய நிக்கான் லென்ஸ்களில் பெரும்பாலானவை இதில் மாட்டும். நிக்கான் கட்டிக் காத்த மவுண்ட் இங்கே வட்டியோடு பலன் கொடுத்தது.

ஆனால் ஒரு கொக்கி இருந்தது. சென்சார் பிலிமைவிடச் சிறியது. 300 மி.மீ. லென்ஸ் 450 போல நடந்துகொள்ளும், விளையாட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 20 மி.மீ. அகலக்கோண லென்ஸ் 30 போல ஆகிவிடும். கூட்டத்துக்குள் நின்று எடுக்கிற செய்திக்காரருக்குத் திண்டாட்டம். ஆக, அகல லென்ஸ் புதிதாக வாங்கு! சின்ன சென்சாருக்கென்றே 2003-இல் தனி அகல லென்ஸ் வந்தது. 2007-இல் நிக்கான் டி3 முழு அளவு சென்சாரோடு வந்தபோது அந்த லென்ஸ் மறுபடி சின்னதாகிவிட்டது. மறுபடி வாங்கு!

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. அதுதான் இந்தக் கட்டுரையின் மையம் என்று நினைக்கிறேன். பிலிம் காலத்தில் கோடாக்கோ ஃபியூஜியோ நல்ல பிலிம் கொண்டு வந்தால், பத்து வருடப் பழைய கேமராவும் அன்றைக்கே மேம்பட்டுவிடும். செலவு ஒரு பிலிம் ரோல். டிஜிட்டலில் பிலிம் கேமராவுக்குள்ளேயே ஒட்டிப் பிறந்திருக்கிறது. நல்ல 'பிலிம்' வேண்டும் என்றால் முழுக் கேமராவையும் மாற்ற வேண்டும். டி1 வந்த இரண்டாவது வருடமே, 2001-இல், டி1எக்ஸும் டி1எச்சும் வந்துவிட்டன. 2003-இல் டி2எச். இருபது வருடம் உழைக்க வேண்டிய முதலீடு மூன்று வருடச் செலவாக மாறிவிட்டது.

செலவு யாருடையது? சம்பளத்துக்கு இருந்தவருக்கு அலுவலகம் வாங்கிக் கொடுத்தது. சுயமாகத் தொழில் செய்தவர் பாவம். முன்பு அவர் பில்லில் 'பிலிம், கழுவும் கூலி' என்று ஒரு வரி இருக்கும். வாடிக்கையாளர் தருவார், அதில் கொஞ்சம் லாபமும் நிற்கும். டிஜிட்டல் வந்ததும், "பிலிம்தான் இல்லையே, அப்புறம் எதற்குக் காசு?" என்று அந்த வரியை அடித்தார்கள். பிலிமுக்குப் பதிலாக அவர் கேமரா, கணினி, கார்டு, மென்பொருள் என்று கொட்டிய பணம் யார் கண்ணிலும் படவில்லை. லேப் ஆட்கள் செய்த வேலையும் இரவில் அவர் வீட்டுக் கணினிக்கு வந்து சேர்ந்தது.

இப்போது வீடியோ. 2008 ஆகஸ்டில் வீடியோ எடுக்கும் முதல் எஸ்எல்ஆராக நிக்கான் டி90 வந்தது. அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2. முழு அளவு சென்சார், முழு எச்டி வீடியோ, 2,699 டாலர். இதில் வீடியோ சேர்க்கப்பட்டதே செய்தி நிறுவனங்களின் கோரிக்கையால்தான். இணையதளத்துக்குக் குட்டி வீடியோ வேண்டும், நிருபர் இன்னொரு கேமரா சுமக்கக் கூடாது. ஆனால் வின்சென்ட் லாஃபோரே என்ற புகைப்படக்காரர் மாதிரிக் கேமரா ஒன்றைக் கடன் வாங்கி, ஒரு வார இறுதியில் நியூயார்க் இரவுகளில் 'ரெவரி' என்று ஒரு குறும்படம் எடுத்து இணையத்தில் போட்டார். பின்னணி கரைந்து, சினிமா மாதிரியே இருந்தது. பற்றிக்கொண்டது. 2010 மே மாதம் 'ஹவுஸ்' தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவக் கடைசிப் பகுதியை இந்தக் கேமராவிலேயே எடுத்தார்கள்.

வீடியோ கருவியாகப் பார்த்தால் 5டி மார்க் 2 ஒரு தலைவலி. ஒரு தடவைக்கு சுமார் 12 நிமிடம்தான் ஓடும். கேமராவைச் சட்டென்று திருப்பினால் கம்பங்கள் சாயும். ஒலியின் அளவை நாமே வைக்க 2010 வரை வழியில்லை. முதலில் நொடிக்கு 30 பிரேம் மட்டும்தான். நம்மூர் மின்சாரம் 50 சுழற்சி, அதனால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் மினுக்கும். துளையும் ஷட்டரும் கூட வீடியோவில் கேமராவின் இஷ்டம்தான், 2009 ஜூனில் மென்பொருள் மாற்றம் வரும் வரை. அதற்குள் ஆட்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். பழைய நிக்கான் லென்ஸை வளையம் போட்டு கேனானில் மாட்டினால், துளையைக் கேனானால் தொட முடியாது. நிக்கான் லென்ஸின் தூரம் 46.5 மி.மீ., அதாவது 44-ஐவிட அதிகம், எனவே வளையத்துக்கு இடம் இருக்கிறது. எதிரிக் கம்பெனியின் 30 வருடப் பழைய லென்ஸ் மாட்டும், சொந்தக் கம்பெனியின் எஃப்டி மாட்டாது!

2,699 டாலர் என்பதும் ஆரம்பம்தான். மைக், தனி ஒலிப்பதிவுக் கருவி, தோளில் தாங்கும் சட்டம், வெளித்திரை, வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர், ட்ரைபாடுக்கு வீடியோ தலை, எடிட் செய்ய வேகமான கணினி... குதிரை வாங்கிய பிறகு லாயம் கட்டுகிற செலவு.

தமிழ்நாட்டில் இந்த மாற்றத்தைக் கல்யாண மண்டபத்திலேயே பார்க்கலாம். வீட்டில் பழைய கல்யாண கேசட் இருந்தால் போட்டுப் பாருங்கள். போட்டோகிராபர் ஒருவர், வீடியோக்காரர் வேறொருவர், கண் கூசும் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன். 2010-க்குப் பிறகு இரண்டு பேர் கையிலும் ஒரே வகைக் கேமரா. 'கேண்டிட்' என்ற சொல் பத்திரிகை அடிப்பவர் வரைக்கும் தெரிந்துவிட்டது. பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) படத்தை விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்தது கேனான் 7டி ஸ்டில் கேமராவில். குறும்படம் எடுக்கும் நம் பையன்களுக்கு அது கொடுத்த தைரியம் கொஞ்சநஞ்சமல்ல.

இதே காலத்தில் சிகாகோவில் நடந்தது வேறு. 2013 மே 30 அன்று சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ் தன் முழுநேரப் புகைப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பியது. புலிட்சர் பரிசு பெற்ற ஜான் எச். ஒயிட் அவர்களில் ஒருவர். வாசகர்கள் வீடியோ அதிகம் கேட்கிறார்கள் என்பது நிர்வாகம் சொன்ன காரணம். நிருபர்களுக்கு ஐபோனில் படம் எடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். தரத்தைவிட வேகமும் சிக்கனமும் முக்கியம் என்று ஸ்பீட் கிராஃபிக் காலத்தில் தொடங்கிய அதே வாதம்தான். இந்த முறை கேமரா மாறவில்லை, ஆள் மாறினார்.

2018-இல் மறுபடி மவுண்ட் பூகம்பம். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்காக நிக்கான் இசட், கேனான் ஆர்எஃப் என்று இரண்டுமே புது மவுண்டுக்குப் போயின. சோனி அதற்கு முன்பே அந்த இடத்தைப் பிடித்திருந்தது. 2020-இல் ஏபி நிறுவனமே தன் புகைப்படக்காரர்களுக்கும் வீடியோக்காரர்களுக்கும் சேர்த்து சோனிக்கு மாறியது. போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஒரே லென்ஸ் பெட்டி. ஆனால் இந்த முறை 1987 போல யாரும் தெருவில் நிற்கவில்லை. கண்ணாடி போனதால் மவுண்டின் தூரம் நன்றாகக் குறைந்துவிட்டது. கேனான் ஆர்எஃப் 20 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ. பழைய லென்ஸுக்கு நடுவே வளையம் போட இடமோ இடம்.

அந்த இடத்தில் எஃப்டியும் உட்காரும். 42-க்கும் 20-க்கும் நடுவே 22 மி.மீ. இருக்கிறது, கண்ணாடி எதுவும் வேண்டாம், வெறும் உலோக வளையம் போதும். 1987-க்குப் பிறகு வந்த விலைக்குத் தள்ளிவிடப்பட்ட அந்த லென்ஸ்களை, கையால் ஃபோகஸ் திருப்ப வசதியாக இருக்கிறது, வண்ணம் இதமாக இருக்கிறது என்று வீடியோக்காரர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். சிலவற்றைப் பிரித்து, சினிமா லென்ஸ் கூட்டுக்குள் மாற்றிப் பொருத்தித் தருகிற தொழிலே நடக்கிறது. பழைய கேமராக் கடைகளில் அவற்றின் விலையும் ஏறியது. அன்றைக்குக் கோபத்தில் விற்றவர்களுக்கு அதில் ஒரு பைசா இல்லை.